மூக்கை வாங்கிக்கொண்ட ஹன்னா

ஹன்னா போய்விட்டாள்.

இன்று காலை மோர்டென்ஸ்ருட்டில் நான் ரயில் ஏறும்போது, என்னோடு லாபில் வேலை செய்யும் டெர்யெ போன் எடுத்தான். "ஹன்னா..." என்றான். கேன்சர் என்று லாபில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் இவ்வளவு கெதியாகவா...

ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரி லாபில் பதினொரு வருடம் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து ரத்தம் எடுத்தவள். அவள் ஊசி குத்தினால் வலிக்காது. வாய்தான் குத்தும்.

ஹன்னா யூதப் பெண். லாபில் அது முதலில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு சனிக்கிழமை குறொன்லாண்ட் மரக்கறிக் கடையில் நான் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது, போகிற போக்கில் சொன்னாள்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை. சொன்னா அடுத்த கேள்வி அரசியல்தான். எனக்குக் கோப்பி குடிக்க வேணும், பேட்டி குடுக்க ஏலாது."

அவள் பேசியது நொஷ்க், நோர்வேக்காரரின் மொழி. என் காதில் ஏனோ எங்கள் தமிழாகத்தான் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்... டிசம்பரில் எங்கள் பிரிவின் நத்தார் விருந்து. வருடா வருடம் நாங்களே ஒரு பகிடி நாடகம் போடுவோம். எழுதுவது டெர்யெ. நல்லவன், எல்லோருக்கும் பிடித்தவன்.

அந்த வருடம் பெரிய ரப்பர் மூக்கு ஒன்று கொண்டுவந்தான். கதை இதுதான்: கஞ்சன் யூதர் ஒருவர் ரத்தம் கொடுக்க வருகிறார். மூன்று குழாய் எடுத்த பிறகு, ஒன்றையாவது திருப்பித் தரச் சொல்லிக் கெஞ்சுகிறார்.

சாப்பாட்டு அறையில் நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறைக்க விருப்பமில்லை. பாதிச் சிரிப்பில்தான் ஹன்னா ஞாபகம் வந்து திரும்பினேன்.

அவள் கையில் இருந்த பாண் துண்டைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"டெர்யெ, நீ எப்பவாவது ஒரு யூதரோடை கதைச்சிருக்கிறியோ?"

"இல்லையே... ஏன்?"

"எட்டு வருஷமாக் கதைக்கிறாய். ஒவ்வொரு நாளும் காலமை."

டெர்யெயின் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கொள்... எனக்குத் தெரியாது..." என்று மூக்கைக் குப்பையில் போடப் போனான்.

ஹன்னா எட்டி அதை வாங்கிக்கொண்டாள். "எறியாதை. பகிடி விடுறது பிழையில்லை. நீ எழுதினது சோம்பேறிப் பகிடி. நான் எழுதுறன். நோயாளியும் நான்தான்."

அன்று பின்னேரம் அவளைக் கூட்டிப்போக அண்ணன் டேவிட் காரில் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் காரை விட்டு இறங்கிவிட்டார்.

"முதல் இப்பிடி மூக்கு வைச்சுப் படம் கீறினவங்கள். பிறகு யுத்தத்திலை அப்பப்பாவைக் கப்பலிலை ஏத்திக் கொலை முகாமுக்கு அனுப்பினவங்கள். உனக்கு இது விளையாட்டே?"

"விளையாட்டில்லை. அதாலைதான் அந்த மூக்கை அவங்களிட்டை விட்டுட்டு வர ஏலாது எண்டுறன்."

"ஆர் எதுக்குச் சிரிக்கினம் எண்டு உனக்குத் தெரியவா போகுது?"

"தெரியாது. நீ வந்து பார்."

வந்தார்.

ஹன்னாவின் நாடகத்தில் நோயாளி அந்த ரப்பர் மூக்கோடு வருகிறார். சீனி டெஸ்ட், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அவரைக் கண்டதும் லாபே பதறுகிறது. "யூதர்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்கிறார்கள்! ஊசியைக் கையில் குத்திவைத்துக்கொண்டு தாதி கேட்கிறார்: "மத்திய கிழக்கு விஷயத்திலை உங்கடை நிலைப்பாடு என்ன?"

"என்ரை நிலைப்பாடோ? பசிக்குது."

அந்தத் தாதி வேடம் டெர்யெக்கு. தனக்கே அது வேண்டும் என்று கேட்டு வாங்கினான்.

அடுத்த கதிரை நோயாளி நான். மூக்குக்காரரைக் கேட்கிறேன்: "அட, நொஷ்க் நல்லாக் கதைக்கிறீங்களே! எங்கை பிறந்தனீங்கள்?" "மேல்மாடியிலை. பிரசவ வார்ட்."

மேசைகளில் அடித்துச் சிரித்தார்கள். எங்கள் தலைமை டொக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். முடிவில் ஹன்னா ரப்பர் மூக்கைக் கழற்றினாள். பிறகு தன் சொந்த மூக்கைத் தொட்டாள். "இது கழறாது. பழகிக்கொள்ளுங்கோ."

மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கைதட்டலுக்கு நடுவில் நான் நின்றதில்லை.

வெளியே நடையில் டேவிட் நின்றார்.

"சிரிச்சனியோ?" என்று ஹன்னா கேட்டாள்.

"சிரிச்சனான். ஆனா பின்மேசையிலை ரெண்டு பேர், நீ வாய் திறக்க முதலே மூக்கைப் பார்த்துச் சிரிச்சவங்கள்."

"நானும் கண்டனான். கடைசியிலை எழும்பினவங்களோ?"

"எழும்பினவங்கள்."

"எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது" என்றார். சொல்லிவிட்டு அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். இருவருமே கடைசிவரை தங்கள் பேச்சை மாற்றவில்லை.

அதன் பிறகு கோப்பி நேரத்தில் யாராவது அவளிடம் அரசியலைத் தொடங்கினால் டெர்யெ குறுக்கே விழுவான். "விடு, அவளுக்குப் பசிக்குது."

ஹன்னா அதோடு நிற்கவில்லை. நகரத்தில் ஒரு சின்ன பாரில் மைக் பிடித்துத் தனியாகப் பகிடி சொல்லத் தொடங்கினாள். மொத்தம் ஐந்து மேடை. கடைசி மேடை இந்த வசந்தத்தில். நிற்க முடியாமல் உயரக் கதிரையில் இருந்தாள். தலையில் முடி இல்லை. இடம் நிரம்பிச் சுவரோடு ஆட்கள் நின்றார்கள்.

பத்து நிமிடம்தான் கொடுத்திருந்தார்கள். நேரம் முடிந்தது என்று சிவப்பு லைட் எரிந்தது. ஹன்னா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ரை டொக்டரைவிட இது மரியாதையாச் சொல்லுது" என்றாள்.

யாரோ லைட்டை அணைத்துவிட்டார்கள். இன்னும் இருபது நிமிடம் பேசினாள்.

போயிட்டு வா, ஹன்னா.