நியாமிசி போட்ட துண்டு வயர்

நியாமிசிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. முவான்சா நகரின் ஏரிக்கரை மீன் ஆலையில் குளிரூட்டும் சில்லர் இயந்திர அறை அவள் பொறுப்பு. ஒன்பது வருடமாக அந்த அறையின் நாற்காலியில் அவள் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளையிலும் உகாலிக் களித் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கம்ப்ரசரைச் சுற்றி வருவாள்.

"அது என்ன கைக்குழந்தையாக்கா, இப்படிச் சுத்திச் சுத்தி வர்றீங்க?" என்பான் எலக்ட்ரீஷியன் ஷிகேலா.

"குழந்தைன்னா அழுதாவது காட்டிக் குடுக்கும். இது சத்தமே இல்லாம ஆளைக் கவுத்துரும்டா."

காலையில் வந்ததும் இரண்டு கதவையும் விரியத் திறப்பாள். காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் போடுவாள். சுவரில் இருக்கும் வாயு மீட்டரை வாசலில் நின்றே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பாள். இயந்திரத்தில் கை வைக்குமுன் பிரேக்கரை இறக்கி, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொள்வாள். அப்புறமும் நம்பமாட்டாள். மீட்டரை வைத்துக் கரண்ட் இல்லை என்று பார்த்த பிறகே ஸ்பேனரை எடுப்பாள். ஆலையில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை.

அந்த மாதம் இரண்டு வாரமாக அவளுக்குத் தூக்கம் சரியில்லை. மீன் துண்டங்களைக் கழுவும் தண்ணீரைக் குளிரவைக்கிற அந்தச் சில்லர், நாளுக்கு இரண்டு தடவை, மூன்று தடவை தானாக நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்று ஃப்ளோ சுவிட்ச் அதை நிறுத்திக்கொண்டிருந்தது. வடிகட்டியை மூன்று முறை கழற்றிக் கழுவியாயிற்று. வால்வு எல்லாம் முழுக்கத் திறந்துதான் இருந்தது. காரணம் பிடிபடவில்லை. வீட்டில் துணி துவைக்கும்போதும் அவள் காதில் சில்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்பின் சத்தமே ஓடியது. என்னவோ மாறியிருக்கிறது. என்ன என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அது மறுபடி நின்றது. பன்னிரண்டு டன் மீன் மேசைகளில் கிடந்தது. சாயங்கால விமானத்துக்குப் போகவேண்டிய சரக்கு. மேலாளர் மகோத்தி வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். பின்னாலேயே ஷிகேலா.

"தண்ணி ஓடுது, என் கண்ணால பாக்குறேன். அப்புறம் எதுக்கு மிஷின் நிக்குது?"

"ஓடுது பாஸ். பத்தலை."

"சுவிட்சு கெட்டுப்போயிருக்கும்," என்றான் ஷிகேலா. அவன் கையில் இரண்டு பக்கமும் தோல் உரித்த துண்டு வயர் ஒன்று இருந்தது. "இதை சுவிட்சோட ரெண்டு முனைக்கும் குறுக்க மாட்டி விட்டுட்டா அது நிறுத்தாது, சாயங்காலம் வரைக்கும் ஓடும். அப்புறம் பாத்துக்கலாம்."

நியாமிசி அந்த வயரைப் பார்த்தாள். பிறகு போய்ப் பிரேக்கரை இறக்கிப் பூட்டைப் போட்டாள்.

மகோத்தியின் முகம் கறுத்தது. "இங்க நான் மேனேஜரா, நீ மேனேஜரா? சாவியக் குடு."

"தரமாட்டேன்."

"ஷிகேலா, கட்டரை எடுத்துட்டு வா. பூட்ட வெட்டு."

ஷிகேலா கட்டரை எடுத்து வந்தான். ஆனால் வெட்டாமல் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஓட்டல்ல நான் இதே மாதிரி ஒரு வயரை மாட்டினேன்," என்றாள் நியாமிசி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "மேல கல்யாணம். கூடத்துல குளிர்ச்சி வரலைன்னு முதலாளி கத்தினாரு. சாயங்காலம் வரைக்கும்தானேன்னு மாட்டிட்டேன். ரெண்டு மணி நேரந்தான். தண்ணி ஓட்டம் பத்தாம உள்ளயே உறைஞ்சு குழாயெல்லாம் வெடிச்சிருச்சு. மிஷினுக்குள்ள இருக்கிற குளிர்வாயு தண்ணிக் குழாய் வழியா வந்து பேஸ்மென்ட் பூரா நெறஞ்சுது. அதுக்கு வாசமும் கெடையாது, நெறமும் கெடையாது. தரையோட படுத்துக்கும். ரவுண்டு போக இறங்கின வாட்ச்மேன் படிக்கட்டு அடியில விழுந்து கெடந்தாரு. கதவையெல்லாம் ஒடச்சுத் தொறந்து, காலைப் பிடிச்சு இழுத்தோம். பொழச்சுக்கிட்டாரு."

நியாமிசி கழுத்துக் கயிற்றிலிருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மிஷின் கம்பெனி ஆளுங்க வர்றதுக்குள்ள அந்த வயரைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டேன். பழைய மிஷின், வெடிச்சிருச்சுன்னு எழுதிட்டாங்க. இதுவரைக்கும் இதை யார்கிட்டயும் சொல்லலை. இப்ப வெட்டுறதுன்னா வெட்டு."

ஷிகேலா கட்டரைத் தரையில் வைத்தான். எதையோ நினைத்துக்கொண்டவன்போல் பம்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா... ரெண்டு வாரம் முன்னாடி, நீங்க லீவுல இருந்தப்ப, பம்ப் மோட்டாருக்குப் பேரிங் மாத்தினேன்."

"வேலை நோட்டுல எழுதலையே?"

"எழுத மறந்துட்டேன்."

இரண்டு வாரமாகக் காதில் ஓடிய சத்தம் என்ன என்று அவளுக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. பம்பின் உடம்பில் சுற்றும் திசைக்கு ஓர் அம்பு உண்டு. பெயின்ட் அடித்து அடித்து மூடிக் கிடந்த அதைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள். பூட்டைத் திறந்து, எல்லோரையும் எட்டி நிற்கச் சொல்லி, பம்பை ஒரு விநாடி ஓட்டி நிறுத்தினாள். மோட்டார் விசிறி மெதுவாகச் சுற்றி அடங்கியது. அம்புக்கு நேர் எதிராக.

மோட்டாரைத் திரும்ப மாட்டும்போது ஷிகேலா இரண்டு வயரை இடம் மாற்றி முடுக்கியிருந்தான். தலைகீழாகச் சுற்றினாலும் அந்தப் பம்பு தண்ணீர் தள்ளும். ஆனால் பாதியளவுதான்.

மறுபடி பூட்டு, மறுபடி மீட்டர். வயர்களை மாற்றிப்போட ஷிகேலாவையே விட்டாள். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. பம்பு ஓடியதும் அழுத்தமானியின் முள் துள்ளி ஏறியது. அதற்குள் மகோத்தி ஐஸ் லாரியை வரவழைத்து மீன்மேல் கொட்டச் சொல்லியிருந்தார். சரக்கு சாயங்கால விமானத்தைப் பிடித்தது. அவர் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த திங்களன்று அவர் அனுப்பிய ஆறு புதுப் பூட்டுகள் மட்டும் வந்து சேர்ந்தன. ஷிகேலா நோட்டில் நடந்ததைத் தன் பேர் போட்டு எழுதினான்.

நியாமிசிக்கு மட்டும் மனசு அடங்கவில்லை. ஒருமுறை வாய்விட்டுச் சொன்னதைத் திரும்ப விழுங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு கிருமா சந்தைக்குப் போனாள். அந்த வாட்ச்மேன் லுஹெண்டே இப்போது அங்கே பொடிமீன் காயப்போட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்னைத் தெரியுதா?"

"ஓட்டல்ல மிஷின் ரிப்பேர் பாத்த ஃபுண்டி." மீனைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கை கிளறுவதை நிறுத்திவிட்டது.

"நான் டூட்டியில தூங்கிட்டேன்னு சொல்லித்தான் வேலைய விட்டுத் தூக்குனாங்க," என்றார். "நீ போன அடுத்த மாசம்."

இது அவளுக்குத் தெரியாது.

"நானும் அதையே நம்பிட்டேன். வாயு கசிஞ்சத யாரும் எங்கிட்டச் சொல்லல, முந்தின நாளும் டபுள் டூட்டி. கண்ணசந்திருப்பேன், படியில உருண்டிருப்பேன்னு. எம் பொண்டாட்டி அன்னைலேர்ந்து என்னைத் தூங்குமூஞ்சின்னுதான் கூப்பிடுறா. புள்ளைங்க முன்னாடி."

"நான் என்ன செய்யணும், சொல்லுங்கண்ணே."

அவர் கோணிப்பையை இழுத்து மீனை மூடினார். "வீட்டுக்கு வா. எங்கிட்டச் சொன்னத அவகிட்டச் சொல்லு. ஒரு வார்த்தை குறையாம."

வீட்டு வாசலில் அவர் மனைவி குல்வா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நியாமிசி சொல்லி முடித்ததும் கேட்டாள்:

"பத்து வருஷமா எங்க இருந்தே?"

"இதே ஊர்லதான்க்கா."

"இதே ஊர்ல," என்று குல்வா திரும்பச் சொன்னாள். பிறகு கீரையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். உள்ளேயிருந்து ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் வந்தது.

லுஹெண்டே சாலை வரை கூட வந்தார்.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. அதெல்லாம் இன்னும் இல்ல."

"சரிண்ணே."

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் வா. எம் மச்சான்கிட்டயும் சொல்லணும். அவந்தான் நான் தூங்கிட்டேன்னு ஊரெல்லாம் பேசினான்."

அவள் போனாள். மச்சானிடம் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறு சர்ச் வாசலில், ஆராதனை முடிந்து வந்த பதினைந்து பேர் முன்னால் சொன்னாள். அன்றைக்குக் குல்வாவும் கூட்டத்தில் நின்றாள். பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தபோது, "பேசாம இரு, அவ சொல்லட்டும்," என்று அதட்டியது அவள்தான்.