குதிரை நின்ற இடம்

கொள்ளு வேகும் வாசனை. குன்னூருக்குக் கீழே, மலைப்பாதை வளைவு ஒன்றில் காரை விட்டு இறங்கியதுமே அடித்தது. எனக்கு அது ஊட்டி ஏரிக்கரை... சின்ன வயதில் அங்கே சவாரிக் குதிரைகளுக்குத் தீனி அவித்துக்கொண்டிருப்பார்கள். கொள்ளு, மழை, ஈரக் குதிரை – மூன்றும் ஒரே வாசனையாகத்தான் மனசில் கிடக்கிறது.

சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தேன். வந்த வேலை அப்படி.

மோகனசுந்தரம் நான் எழுதிவரும் இந்தப் பத்தியின் வாசகர், கோயம்புத்தூர்க்காரர். மலைப்பாதையோரம் பழைய விடுதி ஒன்றை வாங்கியிருக்கிறார். பலகையில் எழுதி வாசலில் மாட்ட அதன் வரலாறு வேண்டுமாம்.

"பத்து வரி போதுமுங்க சார். நீங்க எழுதுனா ஒரு கெத்து."

கட்டடத்தின் நடுவில் ஓர் உயரமான வளைவு. "யாரோ ராஜா யானை மேல வர்றதுக்குக் கட்டுனதுங்கறாங்க" என்றார். யானை எதற்கு? இங்கிலாந்தின் பழைய சாலையோர விடுதிகளுக்கு இப்படித்தான் வாசல் வைப்பார்கள். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் வண்டிக்காரருக்குத் தலை தட்டக்கூடாது. வண்டி குதிரைகளோடு நேரே உள்ளே போக வேண்டும். உள்ளே கல் பாவிய முற்றம். மாடியில் வராந்தாவும் பயணிகளின் அறைகளும். கீழே லாயம். களைத்த குதிரையை அவிழ்த்து, இளைப்பாறி நின்றதைப் பூட்டி, மறுபடி ஏற்றம். எந்த வெள்ளைக்காரருக்கோ ஊர் ஞாபகம் வந்திருக்கிறது, அப்படியே இங்கே கட்டிவிட்டார். ரயில் மேலே ஏறியது... குதிரைகளுக்கு வேலை போயிற்று.

லாயம் எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முற்றத்தின் கோடியில் இரண்டாக வெட்டிய கதவு – குதிரை தலையை நீட்ட மேல்பாதி தனியாகத் திறக்கும். சுவரில் இரும்பு வளையம். கழுவிவிட வசதியாகச் சரிந்த தரை. வளையத்தில் துணிக்கொடி கட்டியிருந்தது. கொள்ளு வாசனையும் அங்கிருந்துதான்!

மேல்கதவு வழியாக ஒரு பெண் எட்டிப் பார்த்தார். மரகதம். விடுதியில் அறை பெருக்கி, துணி துவைப்பவர். வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில். கல்யாணமாகி வந்ததிலிருந்து குடித்தனம் இங்கேதான்.

"கொள்ளுப் பருப்புங்க. ஒரு வாய் சாப்புடறீங்களா?"

சாப்பிட்டேன். மோகனசுந்தரம் போன் பேச நகர்ந்ததும் அவர் குரலைத் தணித்தார்.

"சார், இது குதிரை நின்ன எடம்னு எழுதிராதீங்க."

"ஏங்க?"

"எழுதிட்டா பழையபடி லாயமாக்கி, அதுக்குள்ள பார் வெக்கறாராமுங்க. நாங்க ஊட்டக் காலி பண்ணோணும்."

"அப்புறம் என்னன்னு எழுதறது?"

"குடோன்னு எழுதிருங்க. குடோனை யாரு வந்து பாக்கப் போறா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, வளையத்தையும் கதவையும் பார்க்கிற எவருக்கும் அது லாயம்தான். ஆனால் பாதியில் நிறுத்தவும் மனசில்லை. பழைய கட்டடம் என்றதும் நாம் அதன் முதல் சில வருஷங்களை மட்டும் வரலாறு என்கிறோம். பிறகு உள்ளே சோறு பொங்கியவர்கள்? அவர்கள் ஏதோ இடைஞ்சல் போல...

முற்றத்திலேயே உட்கார்ந்து எழுதினேன். கடைசி இரண்டு வரி இப்படி: 'இங்கே குதிரைகள் நின்றன. அவை போன பிறகு, அதைவிட நெடுங்காலம் மனிதர்கள் குடியிருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.'

மோகனசுந்தரம் வாசித்தார். "கடைசி வரி கெஸ்டுக்கு எதுக்குங்க சார்?"

"போட்டால் மொத்தமும் போடுங்க. இல்லாட்டி வேண்டாம்."

கொஞ்சம் யோசித்தார். கெட்ட மனிதரில்லை. "சரிங்க, 'இன்றும்'கறதை மட்டும் எடுத்தர்லாம். பார் வந்துருமுங்களே. அவங்களுக்கு வேற எடம் குடுத்தர்லாம்."

எங்கே, எப்போது என்று கேட்டேன். பார்க்கலாமுங்க என்றார்.

மரகதம் கார்வரை வந்தார். எழுதியதைப் படித்துக் காட்டினேன், மோகனசுந்தரம் சொன்னதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றவர், நான் கதவைச் சாத்தப் போகும்போது கேட்டார்:

"ரயில் வந்தப்புறம் அந்தக் குதிரைங்களுக்கு வேற எடம் குடுத்தாங்களாங்க?"