மஞ்சள் தொட்ட தாள்

என் பையின் அடியில், ஆதார் அட்டையோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், நான்காய் மடித்த தாள் ஒன்று இருக்கிறது. பார்க்கிறவர்கள் கருமாதிப் பத்திரிகை என்றே நினைப்பார்கள். போன மாதம் ஓசூரில் என்னோடு அறையில் தங்கியிருந்த விழுப்புரத்துக்காரன் அதைப் பிரித்துவிட்டு, "இத எதுக்குக் கூடவே வச்சினு சுத்தறே?" என்று முகம் சுளித்தான். அது ஒரு நாடகத்தின் நிகழ்ச்சித் தாள். செய்தவர் அக்கா.

அக்கா எனக்கு உறவில்லை. கடலூர் முதுநகரில் ஓர் அச்சகத்தில் கணினியில் பத்திரிகைகள் வடிவமைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பியவன். சிப்காட்டில் மூட்டை தூக்கினேன், லாரியில் கிளீனராகப் போனேன், இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு சிதம்பரத்தில் ஒரு நாடகக் குழுவில் சாமான்களைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தேன். சோறும் படுக்க இடமும் கிடைத்தன. குழுவின் அச்சு வேலையெல்லாம் அக்காவிடம்தான் போகும்.

அந்த நாடகம் அறுபதுகளில் ஒரு துறைமுகத்தில் நடப்பது. கப்பலில் போன கணவனுக்காகக் காத்திருப்பவள் கையில், கடைசிக் காட்சியில், புகுந்த வீட்டார் அவளுக்குச் சொல்லாமலே அடித்த அவனுடைய கருமாதிப் பத்திரிகை வந்து சேரும். அதை அக்காலத்து எழுத்தில் அடிக்க வேண்டும். மாதிரி தேடி அலைந்தேன். மேல்பட்டாம்பாக்கத்தில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. கருமாதிப் பத்திரிகை ஒன்றுகூட இல்லை. படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசியில் பழைய பேப்பர்க் கடையில், ஒரு வைத்தியப் புத்தகத்துக்குள் ஒன்று மடிந்து கிடந்தது.

அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். துதிக்கை தூக்கிய பழைய 'லை', தலைப்பில் மரக்கட்டை எழுத்தின் தடிமன், மை அதிகம் குடித்த இடங்கள். ஒவ்வொரு எழுத்தாக வரைந்து கணினியில் ஏற்றினார். ஒரு 'ம' கால் உடைந்திருந்தது. பழசாகத் தெரியட்டும், எல்லா 'ம'வையும் அப்படியே போடுங்கள் என்றேன். "டேய், பழைய அச்சாபீஸ்ல நூறு 'ம' கெடக்கும். அதுல ஒன்னு ஒடஞ்சிருக்கும். எல்லாமே ஒடஞ்சா அது அச்சாபீஸா, ஆஸ்பத்திரியா?" என்று சிரித்தார். தாள் முழுவதிலும் ஒரே ஒரு 'ம' உடைந்தது.

நிகழ்ச்சித் தாளையும் அதே எழுத்தில் அடிக்கலாம் என்று சொன்னது நான்தான். கறுப்புக் கரை, நடிகர் பெயர்கள், கடைசி வரியில் 'எழுத்து அமைப்பு' என்று அக்காவின் பெயர். ஊரார் பெயரையெல்லாம் அடித்துக் கொடுத்தவருக்குத் தன் பெயர் அச்சில் வருவது அதுவே முதல் முறை. நாடகக்காரர்களோடு உனக்கென்ன வேலை என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாவை, அதைக் காட்டவே சிதம்பரத்துக்கு அழைத்து வந்தார்.

நாடகம் முடிந்து வெளியே வந்தவர்களின் கைகள் தாமாகவே தாளைக் கிழித்தன. வாசற்படியெல்லாம் துண்டுகள். எழுத்து அவ்வளவு சரியாக அமைந்துவிட்டது. அக்காவின் அம்மா நேராக என்னிடம் வந்தார். "ஏன்டா, உயிரோட இருக்கற என் பொண்ணு பேர இதுல போட்டிருக்கியே, ஒனக்கு அறிவு இருக்கா?" தாளைக் கிழித்து என் கையிலேயே வைத்தார். அக்கா குனிந்து, தன் பெயர் இருந்த துண்டுகளை மட்டும் பொறுக்கினார்.

அடுத்த ஞாயிறு கடலூரில் நாடகம். மிச்சத் தாள்களை எரித்துவிடலாமா என்று கேட்க அக்கா வீட்டுக்குப் போனேன். கூடம் முழுவதும் தாள்கள் பரப்பிக் கிடந்தன. அம்மா கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, கல்யாணப் பத்திரிகைக்குத் தொடுவதுபோல நாலு மூலையிலும் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாக்கறே? ஒக்காந்து தொட்டு வை. ஜாஸ்தி அப்பாத, எம்பொண்ணு வரைஞ்ச எழுத்து மறைஞ்சிடும்."

"அறுபதுல மஞ்சத் தொட்ட கருமாதிப் பத்திரிகை எங்கயுமே கெடையாதும்மா" என்றார் அக்கா.

"இப்ப இருக்குது."

கடலூரில் படியில் ஒரு தாள்கூடக் கிடக்கவில்லை. மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பிறகு குழு கலைந்தது; நான் கிளம்பினேன். அக்கா இப்போது எந்த ஊரிலோ, தெரியவில்லை.

விழுப்புரத்துக்காரனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. தாளின் மூலையைத் திருப்பிக் காட்டினேன். மஞ்சள் வெளுத்து, அந்த அம்மாவின் விரல் அளவுக்கு ஒரு கறைதான் மிச்சம். விளக்கடியில் உற்றுப் பார்த்தான்.

"மஞ்சத் தொட்டதா? அப்ப சரி" என்று, இருந்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் கொடுத்தான்.