பதினாலு சென்ட்

போன ஞாயிற்றுக்கிழமை என் லேப்டாப் என்னைத் திட்டியது. ‘டைப் எரர்’... நான் கேட்டது எண், நீ கொடுத்தது எழுத்து என்று அர்த்தம்.

முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் கணக்கு நடத்தியவனுக்கு எண் எது, எழுத்து எது என்று தெரியாதா?

சங்கதி இதுதான். சுந்தரபாண்டியபுரத்தில் மாமனார் வயலை நாலு வருடத்துக்கு முன் என் மனைவி கோமதிக்கும் அவள் தம்பிக்கும் பாகம் பிரித்தோம். தம்பிக்குப் போனது முக்கோணமான மூலைத் துண்டு. அளந்தவன் நான். சேற்றில் இறங்கச் சோம்பல்பட்டு வரப்பிலேயே நின்றேன். மூலை செங்கோணம்தான் என்று கண்ணாலேயே முடிவுகட்டி, இரண்டு பக்கத்தைப் பெருக்கிப் பாதியாக்கி, பதினைந்தரை சென்ட் என்றேன்.

“பதினாலுதான் தேறும் அத்தான். வருசா வருசம் நாத்து நடுதவன் சொல்லுதேன்.”

“எட்டாங்கிளாஸ் கணக்க எங்கிட்ட காட்டாதலே.” எட்டோடு படிப்பை நிறுத்தியவனிடம் பத்துப் பேர் முன்னால் சொன்னேன்.

அன்றோடு அக்காவும் தம்பியும் பேசுவது நின்றது.

போன வாரம் கோமதியே டேப்போடு போய் மூன்று பக்கத்தையும் அளந்து வந்தாள். 142, 96, 134 அடி.

“அந்தக் கம்ப்யூட்டர் பாஷை, பைத்தான் படிக்கியள்லா? அதுல போட்டுக் காட்டுங்க.”

மூன்று பக்கமும் தெரிந்தால் பரப்புக்குச் சூத்திரம் உண்டு; காகிதத்தில் ஐந்து நிமிட வேலை. ஆனால், என் கைக்கணக்கை நம்ப அவள் தயாராக இல்லை!

மூன்று பக்கத்தையும் கூட்ட மேத் ஃபங்ஷன் என்ற ஆயத்தக் கணக்குக் கட்டளை ஒன்று, கடைசியில் வர்க்கமூலத்துக்கு இன்னொன்று என்று எழுதினேன். முதல் ஃபங்ஷனிலேயே எரர். கம்ப்யூட்டர் கோளாறு என்றேன். பழியை அடுத்தவர் தலையில் போடுவது எனக்குப் பழகிய வேலை.

“ஃபங்ஷன் கெடக்கட்டும். சும்மா பிளஸ் போட்டுக் கூட்டிப் பாருங்க” என்றாள்.

திரையில் வந்தது: 14296134.

“ஒரு கோடி அடிக்கு மேலயா! தென்காசில வேலி கட்ட ஆரம்பிச்சா நெசக் காசிக்கே போயிரும்லா?”

பிடிபட்டது. கீபோர்டில் தட்டுவதையெல்லாம் பைத்தான் எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்கிறது. பிளஸ் போட்டால் மூன்றையும் வரிசையாக ஒட்டிவைக்கிறது. மேத் ஃபங்ஷனோ எழுத்தைத் தொடவே மறுக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு அளவையும் ‘ஃப்ளோட்’ போட்டு எண்ணாக மாற்றினேன்.

ஓடியது! 6188.79 சதுர அடி. சென்ட் கணக்கில் பதினாலு புள்ளி இரண்டு.

எழுந்து நின்று கைதட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது — ஜெயித்தது கோமதியின் தம்பி.

அன்று மத்தியானமே ஆட்டோ பிடித்துக் குற்றாலம் போனோம். சீசனில் அவனுக்கு அங்கே பழக்கடை.

“கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன், பதினாலுதான் மாப்ளே. தப்பு என்னுது. எல்லக்கல்ல மாத்தி நட்டிருவோம்” என்றேன்.

“இத மெஷின் சொன்னாத்தான் நம்புவியளோ?” நிமிர்ந்தே பார்க்கவில்லை. “அக்கா வரலையா?”

“ஆட்டோல இருக்கா. நான் மன்னிப்பு கேட்டாத்தான் எறங்குவாளாம்.”

“அப்பம் வெரசா கேளுங்க அத்தான். அக்கா சாரல்ல நனையுதா பாருங்க.”

எட்டாங்கிளாஸ் என்று சொன்னதற்கும் சேர்த்தே கேட்டேன். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி.

கோமதி இறங்கி வந்தாள். “எளைச்சிட்டியேலே...” என்றாள். அவ்வளவுதான், நாலு வருடத்துப் பேச்சு மடை திறந்தது. நடுவில் நான் சொன்ன இரண்டொரு வார்த்தை யார் காதிலும் விழவில்லை.

சாயங்காலம் வரை ரம்புட்டான் நிறுத்துப் போட்டது யார் என்கிறீர்கள்? ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர்தான்!