தாய்மாமன் கொண்டுவந்த ராகி

எங்க ஊர்ல அப்பெல்லாம் கல்யாணத்தைத் தீர்க்கக் கோர்ட்டுக்குப் போவமாட்டாங்க. ஊர்க்கூட்டத்துல ஒரு துரும்பை ஆளுக்கொரு பக்கம் புடிச்சு ஒடிச்சுப் போட்டா முடிஞ்சுது. நானும் எம் புருசனும் அப்படித்தான் ஒடிச்சோம். அவரு வேற யாரும் இல்ல, எங்கம்மாவோட தம்பி. என் தாய்மாமன்.

சின்னதுல என்னைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டுத் தீர்த்தமலை ஏறுன மனுசன். வாய்க்கு வாய் "கண்ணு, கண்ணு"ம்பாரு. தாலி கட்டுனதும் அந்தக் கண்ணு எங்க போச்சோ! வெறும் "ஏய்"தான். களியில கட்டி இருக்குதும்பாரு, நான் பாத்திரத்தை உருட்டுவேன். எனக்கு மட்டும் வாய் கொஞ்சமா? கொழந்தையும் தங்கல. கடசியில ரெண்டு பேருமே ஆளை விட்டாப் போதும் சாமின்னுதான் தீர்த்துக்கிட்டோம். சீக்கிரமே அவரு வேற பொண்ணைக் கட்டிக்கிட்டாரு.

நான் அம்மா வூட்டுக்கு வந்துட்டேன். அப்பா இல்லாத வூடு. உலகச் சண்டை நடந்த காலம் வேற. ரங்கூன் அரிசி நின்னு போயி, ராகிக்கே அடிபிடி. கூலிக்குப் போனா ஒரு வேளைக் கூழுக்குத்தான் ஆவும். அம்மா "எனக்குப் பசியில்ல"ன்னு தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துக்கும். பாத்துப் பாத்து எனக்கு வவுறு எரிஞ்சுது. அவரு காட்டுல கல்லு பொறுக்கிப் பொறுக்கி அதை வெள்ளாமை நெலமா ஆக்குனவ நானு. அங்க ராகி வெளையுது, இங்க எங்கம்மா பட்டினி கெடக்கணுமா? கேட்டே தீர்றதுன்னு கெளம்பிட்டேன்.

மொதல்ல நானும் அம்மாவும் அரூர்ல ஒரு வக்கீல்கிட்டப் போனோம். "ஜீவனாம்சம் பொண்டாட்டிக்குத்தாம்மா. நீங்கதான் ஊர்லயே தீர்த்துக்கிட்டு வந்துட்டீங்களே"ன்னு அனுப்பிட்டாரு. சரின்னு திரும்பவும் ஊர்க்கூட்டத்துல போயிக் கேட்டேன். பெரியவங்க சிரிக்கறாங்க. "ஒடிச்ச துரும்பை ஒட்ட வெக்கச் சொல்றியாம்மா?" மாமன் தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு. பாவி மனுசன்னு மனசுக்குள்ள நல்லா வைஞ்சேன்.

அப்பத்தான் எங்கம்மா எழுந்திரிச்சுது. கூட்டத்துல வாயத் தொறந்து அறியாத பொம்பள.

"பெரியவங்களே, துரும்பு ஒடிச்சது புருசன் பொண்டாட்டிக்குத்தானுங்க. எனக்கும் என் தம்பிக்கும் நடுவுல யாருங்க ஒடிச்சது? இவ எம் வவுத்துல பொறந்தவ. அவன் இவளுக்குத் தாய்மாமன். அதைத் தீர்க்க எந்த ஊர்ல கூட்டம் போடுவீங்க?"

மாமன் எழுந்திரிச்சாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"அக்கா, குடுக்கக் கூடாதுன்னு இல்லக்கா. தீர்த்து விட்டவளுக்குக் குடுத்தா ஊரு என்ன பேசும், வந்தவ என்ன நெனப்பான்னு பயந்து கெடந்தேன். அக்கா மவளுக்குக் குடுத்தா எவன் கேப்பான்? வருசா வருசம் நானே கொண்டாந்து போடறேன்."

கூட்டமே தலையாட்டுச்சு. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. கல்லு பொறுக்குனது அக்கா மவளா, பொண்டாட்டியா? ஆனா அம்மா என் கையப் புடிச்சு அழுத்துச்சு. அந்தக் கை எலும்பா இருந்துச்சு. பேசாம இருந்துட்டேன்.

அறுப்பு முடிஞ்சதும் வண்டி வந்துச்சு. மூட்டைக்குப் பக்கத்துல புதுப் பொண்டாட்டி, மாசமா. எறங்குனதும் என்னை "அக்கா"ன்னா. "அக்காவா? மாமன் பொண்டாட்டி அத்தையில்ல? வாங்கத்தை, உள்ள வந்து உக்காருங்க"ன்னேன். என்னை விடச் சின்னப் பொண்ணு, சிரிச்சுச் சிரிச்சு வவுத்தைப் புடிச்சுக்கிட்டா.

அவரு கொண்டாந்த ராகியையே அரைச்சுக் களி கிண்டிப் போட்டேன். அன்னிக்கும் கட்டி இருந்துச்சு, எனக்கே தெரியும். மனுசன் ஒரு வார்த்தை சொல்லல. அம்மாவும் தம்பி பக்கத்துல உக்காந்து வவுறு நெறையத் தின்னுச்சு.

வண்டி பூட்டி ஏறுனாரு. கவுத்தைக் கையில புடிச்சுக்கிட்டு என்னைத் திரும்பிப் பாத்தாரு.

"வரட்டா கண்ணு?"

தாலி ஏறுனதுலருந்து அந்த வார்த்தையை நான் கேக்கவே இல்ல. "போயிட்டு வாங்க மாமா"ன்னேன். வண்டி மறையற வரைக்கும் பொறுத்துக்கிட்டு, அந்த ராகி மூட்டை மேலயே உக்காந்து ஓன்னு அழுதேன்.