கிணற்று விரால்கள்

பேய்க்கதை சொன்னாலே எரிச்சலடைகிறவள் நான். ஆனால் இன்று உக்கடம் மீன் மார்க்கெட்டில், உயிர் விரால் கிடந்த அலுமினியத் தொட்டியின் விளிம்பில் என் வளையல் ‘ணங்’கென்று பட்டதும் ஆனைமலைத் தோட்டத்துக் கிணறு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

எங்கள் சித்தி தினமும் காலையில் கிணற்றுப் படியில் இறங்கி, இரும்பு வாளியில் வளையலைத் தட்டி, “வாங்க கண்ணுகளா” என்பாள். விரால்கள் மேலே வந்து பழையசோறு தின்னும்.

புரட்டாசியில் காய்ச்சல் கண்டு சித்தி போய்விட்டாள். ஐப்பசி மழையில் தண்ணீர் குளிர்ந்ததும் விரால்கள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

“இதுகளப் பாத்தா அவ நெனப்பாவே இருக்குதுங்க அண்ணி. புடிச்சு வித்துப்போடறனுங்க” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சித்தப்பா கிளம்பினார். நானும் கூடப் போனேன். தவளையைக் கோத்துத் தூண்டில் போட்டார். உச்சி வெயிலிலும் கிணற்றுக்குள்ளிருந்து குளிர் ஏறி வந்தது. மிதவை அசையவேயில்லை.

அப்போது படிப்பக்கம் ‘ணங்’கென்று கேட்டது. அங்கே ஆளில்லை. வாளி வீட்டில் கவிழ்ந்து கிடந்தது. ஆனால் அத்தனை விரால்களும் தூண்டிலைக் கடந்து, சித்தி நிற்கும் படியருகே போய் வாயைத் திறந்து நின்றன.

சித்தப்பா தூண்டிலைச் சுருட்டினார். “அம்மணி, ஊட்டுக்குப் போயி சோறு எடுத்துட்டு வா” என்றார்.

“ஏனுங்க, எத்தனை கிலோ போடட்டுங்க?” என்று மீன்காரர் கேட்டார். குனிந்து பார்த்தேன். தொட்டியில் விரால்கள் எல்லாம் தலைதூக்கி வாயைத் திறந்து நின்றன, எனக்குப் பக்கத்தில் யாருமில்லாத இடத்தைப் பார்த்து.