சாட்சித் துண்டு

கத்தி சீவிய மெழுகுப் பட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் விரிந்தது. அவள் கைகள் அதைச் சுருக்கமில்லாமல் ஸ்லைடில் ஏந்தின. மெழுகுக்குள் இருந்தது அவள் தங்கையின் மார்புக் கட்டியில் எடுத்த சதை. ஓரத்தில் இன்னொரு துண்டையும் ஒட்டின, சாயம் பிடிக்கும் என்று முன்பே தெரிந்த வேறு யாருடைய சதையோ. சாயம் ஏறியதற்கு அதுதான் சாட்சி. அது இல்லாமல் ஒரு ஸ்லைடையும் விடமாட்டாள். லேபில் அவள் பெயரே சாட்சியக்கா.

செல் இரண்டாகப் பிரியும் முன் அதை மறித்து, உள்ளே எல்லாம் ஒழுங்கா என்று பார்க்கும் புரதம் ஒன்று உண்டு. பழுது இருந்தால் பிரிய விடாது. அந்தக் காவல் கெட்டால் செல் கேட்பாரின்றிப் பெருகும். கெட்ட புரதம் பெரும்பாலும் அழியாமல் உள்ளேயே குவிந்துகிடக்கும். சாயம் போட்டால் அடர்பழுப்பாகக் காட்டிக்கொடுக்கும்.

"இருக்கும், வேலை மட்டும் செய்யாது. நம்ம நாற்காலி மாதிரி," என்பாள். நாற்காலி என்பது கூட வேலை பார்ப்பவரின் பட்டப்பெயர். அன்று சாயம் போடுவது அவர் முறை.

மதியம் ஸ்லைடு வெறுமையாக வந்தது. வாசலில் காத்திருந்த தங்கை கணவரிடம், "பழுப்பே இல்ல, நல்லதுதான்," என்று நாற்காலி சொல்லியும் விட்டார்.

அவள் குனிந்து பார்த்தாள். சாட்சியிலும் பழுப்பில்லை.

"சாயத்துக்கு முன்னாடி ஸ்லைடைக் கொதிக்க வெச்சீங்களா?"

"ஒரே கூட்டம். கொஞ்சம் சூடு காட்டினேன்."

"கொதிக்காம சாயம் எப்படிப் பிடிக்கும்? சாட்சியே வாய் திறக்கல, நீங்க தீர்ப்பு சொல்லிட்டீங்க."

தங்கை கணவர் போனும் கையுமாக நின்றார். "வீட்டுக்குச் சொல்லிட்டேன் அக்கா. ரொம்ப நாளைக்கப்புறம் அவ சிரிச்சா."

"சிரிக்க வெச்ச வாயாலேயே சொல்லுங்க மாப்பிள்ளை, இன்னும் ஒண்ணும் தெரியலன்னு. இப்பவே சொல்லுங்க."

கோபத்தோடு சீவினால் பட்டை கிழியும். கிழிந்தது. மறுபடி சீவினாள். நாற்காலியை அடுப்புப் பக்கமே அண்டவிடாமல், தானே நின்று கொதிக்கவிட்டு, தானே சாயமும் போட்டாள்.

இந்த முறை சாட்சியில் பழுப்பு ஏறியிருந்தது. பக்கத்தில் தங்கையின் செல்கள், பார்த்த இடமெல்லாம், அதைவிட அடர்பழுப்பு.

நாற்காலியைத் திட்ட வாயெடுத்தாள். இந்தப் பழுப்பில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

ஸ்லைடு பார்த்து முடிவு எழுதும் டாக்டர் கையை நீட்டினார். "மதியம் வந்தது மாதிரி இல்லையே? நம்பலாமா?"

"நம்பலாம் டாக்டர். சாட்சி பேசுது."

விளிம்பைப் பிடித்து, விரல் படாமல், ஸ்லைடை அவர் கையில் வைத்தாள்.